கூலிமிலிருந்து ஜார்ஜ்டவுன்: பழைய துறைமுக நகரில் ஓர் உணவு நடை

ஜார்ஜ்டவுன் உணவு நடை என்பது, பினாங்கு மாநிலத் தலைநகரின் பழைய நகரப் பகுதியை வழிகாட்டி ஒருவருடன் மூன்று நான்கு மணி நேரம் காலாற நடந்து பார்ப்பது. வழியில் ஏழெட்டுக் கடைகளில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு கடையிலும் அந்த உணவு அங்கே எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், யாருக்காகச் சமைத்தார்கள் என்று வழிகாட்டி சொல்வார். கெடா மாநிலத்தின் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்பவர்களும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்பவர்களும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பயணம் இது.

கூலிம் ஹைடெக் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா அதுதான். இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் அங்கே இயங்குகின்றன. 2024இல் இன்ஃபினியன் அங்கே சிலிக்கான் கார்பைடு சில்லு ஆலை ஒன்றைத் திறந்தது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வட்டாரத்தில் அமைந்த பூங்கா இது. பாடாங் மேஹா, விக்டோரியா, ஹென்ரியேட்டா ஆகிய தோட்டங்களின் பெயர்களைச் சுமந்த தமிழ்ப்பள்ளிகள் இன்றும் அந்த வட்டாரத்தில் உண்டு. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது ஆலைகளில் ஷிஃப்டு வேலை பார்க்கிறார்கள்.

கெடாவுக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு

பினாங்குத் தீவு ஒரு காலத்தில் கெடா சுல்தானுக்கு உரியது. 1786 ஆகஸ்டு 11ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பிரான்சிஸ் லைட் அதைத் தன்வசப்படுத்தி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயரிட்டார். சயாமுக்கு எதிராகக் கம்பெனியின் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பியே சுல்தான் இடம் கொடுத்தார். அந்தப் பாதுகாப்பு வரவில்லை. தீவை மீட்க 1791இல் அவர் எடுத்த முயற்சியும் தோற்றது. 1800இல் தீவுக்கு எதிரே உள்ள கரையோரமும் கம்பெனியின் கைக்குப் போய், வெல்லஸ்லி மாகாணம் ஆனது. இன்று அது செபராங் பிறை. அதன் கிழக்கு எல்லையைத் தாண்டினால் கூலிம் மாவட்டம் தொடங்குகிறது. அதனால்தான் கெடாவின் தலைநகரமான அலோர் ஸ்டாரைவிடப் பினாங்கு கூலிமுக்கு அருகில் இருக்கிறது.

தோட்டத் தமிழர்களுக்குப் பினாங்கு முதலில் தெரிந்தது கப்பலிலிருந்து இறங்கிய இடமாகத்தான். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தீவின் கிழக்கே உள்ள ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, பிறகு கெடா, பேராக் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கங்காணிகள் ஆள் கட்டிக் கொண்டுவந்த அந்த முறை, 1938இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களின் உதவி பெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தபோது முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் ‘ரஜூலா’ கப்பலில் ஊருக்குப் போய் வந்தவர்கள் பினாங்குத் துறைமுகம் வழியாகவே வந்தார்கள். தீபாவளிக்குச் சேலை எடுக்க, கல்யாணத்துக்கு நகை வாங்க, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க என்று தோட்டத்து மக்கள் பினாங்குக்குப் போகக் காரணங்கள் எப்போதும் இருந்தன. அப்படிப் போன நாட்களில் சாப்பிட்டதுதான் பல குடும்பங்களுக்கு வெளிக்கடைச் சாப்பாட்டின் முதல் நினைவு.

போகும் வழி

கூலிமிலிருந்து பட்டர்வொர்த்துக்கு சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள விரைவுச்சாலை உண்டு. அங்கிருந்து தீவுக்குப் போக இரண்டு வழிகள். காரிலேயே போகிறவர்கள் தெற்கே திரும்பி, 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தில் ஏறலாம். நடைப்பயணத்துக்கு ஏற்றது படகுவழி. பட்டர்வொர்த்தில் பினாங்கு சென்ட்ரல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உள்ள படகுத்துறைக்கு நடந்துவிடலாம். கார்களை ஏற்றிச் சென்ற பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே போகலாம். கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடும். இறங்கும் இடம் வெல்ட் கீ. அங்கிருந்து பழைய நகரம் நடை தூரம்தான். தெருவில் இடம் தேடிக் கார் நிறுத்தும் தொல்லையும் இல்லை.

ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர். அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். இந்தச் சிறிய பரப்புக்குள் பள்ளிவாசல், மாரியம்மன் கோவில், சீனக் குலக் கோவில், ஆங்கிலேயத் தேவாலயம் எல்லாம் சில நிமிட நடைக்குள் அடுத்தடுத்து வருகின்றன. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் நடப்பவரைக் காப்பாற்றுகிறது. ஆனால் பல இடங்களில் கடைச் சாமான்களும் மோட்டார் சைக்கிள்களும் அதை அடைத்துக்கொண்டிருப்பதால் தெருவில் இறங்கி ஏறித்தான் நடக்க வேண்டும்.

லிட்டில் இந்தியா: காலைப் பசி

நடையை லிட்டில் இந்தியாவில் தொடங்குவதே முறை. லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ கிங், லெபோ குவீன் ஆகிய தெருக்களும் அவற்றின் சந்திப்புகளும் சேர்ந்ததே இந்தப் பகுதி. லெபோ பாசாரைப் பழைய தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்தார்கள். லெபோ பினாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் கிட்டங்கிகளும் இருந்தன. அங்கே உள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்துதான் தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் முருகன் கோவில் உள்ள தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் ஓடுகிறது. அது புறப்படுவது லெபோ குவீனில் உள்ள மகா மாரியம்மன் கோவிலிலிருந்து. 1833இல் கட்டப்பட்ட அந்தக் கோவில் பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில்.

இந்தத் தெருக்களின் காலை உணவு தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்குப் புதிதல்ல. இட்லி, தோசை, வடை, பொங்கல் என்று சைவ உணவகங்கள் லெபோ பினாங்கில் வரிசையாக உள்ளன. ஸ்ரீ ஆனந்த பவன், உட்லண்ட்ஸ் ஆகிய பெயர்கள் மலேசியத் தமிழர்களிடையே பரிச்சயமானவை. சாலையோர ஒட்டுக்கடைகளில் மசால்வடையும் சமோசாவும் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு கிடைக்கும். நடைப்பயணக் குழுக்கள் இங்கே வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. ஒரு தோசையை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதே வழக்கம், ஏனென்றால் இன்னும் ஆறு ஏழு கடைகள் பாக்கி இருக்கின்றன.

இந்தப் பகுதியில் சாப்பாட்டுக் கடைகளைவிட மளிகைக் கடைகளில்தான் வழிகாட்டிகள் அதிக நேரம் செலவிடுகிறார்கள். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு மூட்டைகள் வாசலிலேயே திறந்து கிடக்கும். மீன் கறிக்கு ஒரு கலவை, ஆட்டுக்கறிக்கு ஒரு கலவை, கோழி குருமாவுக்கு ஒரு கலவை என்று தனித்தனியே தூள் அரைத்து விற்கிறார்கள். வாங்குபவர்களில் தமிழர் மட்டுமின்றி மலாய், சீனச் சமையல்காரர்களும் உண்டு. நடையில் பின்னால் வரப்போகும் பல உணவுகளின் சுவைக்கு அடிப்படை இந்தக் கடைகளில் கிடைப்பதால், முதலில் இதைக் காட்டிவிடுவது விளக்கத்துக்கு வசதியாகிறது.

தேநீர் இங்கேயே குடித்துவிடலாம். கெட்டிப்பால் கலந்த தேநீரை இரண்டு குவளைகளுக்கு இடையே உயர்த்தி ஆற்றித் தருவது தே தாரிக். இழுத்து ஆற்றும்போது சூடு தணிகிறது, நுரை எழுகிறது, பாலும் டிகாஷனும் ஒன்றாகக் கலக்கின்றன. மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, நாசி லெமாக், ரொட்டி சானாய் ஆகியவற்றுடன் தே தாரிக்கும் முன்வைக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில், கூலிமிலும் எங்கும் கிடைக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நாசி கண்டாரும்

லிட்டில் இந்தியாவிலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களை ஆங்கிலேயர்கள் சூலியாக்கள் என்று குறித்தார்கள். அவர்களின் தலைவரான காதர் முகைதீன் 1801இல் இந்தப் பள்ளிவாசலை நிறுவினார். பக்கத்துத் தெருவுக்குச் சூலியா தெரு என்று பெயர். அங்கே நாகூர் ஆண்டவரின் பெயரில் எழுப்பப்பட்ட நாகூர் தர்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிற்கிறது. நாகூர், இராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசி வட்டாரங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் சமையல்தான் இந்த நடையின் நடுப்பகுதி.

அதன் பெயர் நாசி கண்டார். தோளில் வைத்த காவடித்தண்டின் ஒரு முனையில் சோற்றுக்கூடை, மறுமுனையில் கறிச்சட்டிகள் என்று சுமந்து, தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் துறைமுகத்தைச் சுற்றி விற்றார்கள். அந்தத் தண்டுக்கு மலாயில் கண்டார் என்று பெயர். வாங்கிச் சாப்பிட்டவர்கள் சரக்கு ஏற்றி இறக்கிய கூலியாட்கள். அவர்களுக்கு உட்கார நேரமில்லை, வீடு போய்த் திரும்பவும் நேரமில்லை. சோறும் ஒரு மீன் துண்டும் தாராளமான குழம்பும் ஒரே இலையில் கிடைத்தால் போதும். உடலுழைப்புக்கு வேண்டிய காரமும் எண்ணெயும் உப்பும் அதில் இருந்தன. பின்னர் காவடி போய் மரத்தடிக் கடை வந்தது. மரத்தடிக் கடை போய்க் கண்ணாடி அலமாரி வைத்த உணவகம் வந்தது. ஆனால் சோற்றின் மேல் கறியை அள்ளி ஊற்றும் முறை மாறவில்லை.

கடையில் நடப்பது எளிது. வரிசையில் நின்று தட்டு வாங்க வேண்டும். முதலில் சோறு. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டுகளிலிருந்து கோழிப் பொரியல், மீன் கறி, கணவாய், இறால், மீன்சினை, அவித்த முட்டை, வெண்டைக்காய் என்று விரும்பியதைச் சுட்டிக்காட்டலாம். கடைசியில் பரிமாறுபவர் மூன்று நான்கு குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார். சோறு மிதக்கும் அளவுக்குக் குழம்பு வேண்டுமானால் ‘பஞ்சீர்’ என்று சொன்னால் போதும். மலாயில் அது வெள்ளத்தைக் குறிக்கும். நாசி கண்டாரின் தனிச்சுவை இந்தக் கலப்பில்தான் வருகிறது. ஒரே குழம்பை மட்டும் கேட்டு வாங்குபவர் அதைத் தவறவிடுகிறார்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கடைகளில் மாட்டிறைச்சிக் கறியும் இருக்கும், கலந்து ஊற்றும் குழம்பில் அதுவும் சேரக்கூடும். வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட்டால் பரிமாறுபவர் ஒதுக்கி ஊற்றுவார். தமிழில் சொன்னாலே பல கடைகளில் புரிந்துகொள்வார்கள்.

ஜார்ஜ்டவுனில் பெயர்பெற்ற கடைகள் பல. லெபோ கேம்பெல்லில் உள்ள ஹமீதியா 1907இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய நாசி கண்டார் உணவகமாக அது அறியப்படுகிறது, அங்கே கிடைக்கும், இறைச்சி அடைத்த ரொட்டியான முர்தபாக்கும் பிரபலம். பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்கும் இடத்தில், இரண்டு கட்டடங்களுக்கு இடையே உள்ள சந்தில் லைன் கிளியர் இயங்குகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு ‘பெராத்தூர்’, அதாவது வரிசையில் நிற்பது என்றே பெயர். வாடிக்கையாளர் கூட்டமே அந்தக் கடைக்குப் பெயர் சூட்டிவிட்டது. எந்தக் கடை சிறந்தது என்ற வாதம் பினாங்கில் முடிவதே இல்லை. உணவு நடைக்குழுக்கள் பெரும்பாலும் ஒரு கடையில் ஒரு தட்டுச் சோறும் பலவகைக் கறிகளும் வாங்கிப் பகிர்ந்து உண்கின்றன.

லெபோ கேம்பெல்லிலிருந்து சௌராஸ்தா வரை

சூலியா தெருவிலிருந்து வடக்கே திரும்பினால் லெபோ கேம்பெல். அங்கே ஒரு சந்தில் தோ சூன் கோப்பிக்கடை உண்டு. எண்ணெய் பீப்பாயை அடுப்பாக்கி, கரி நெருப்பில் ரொட்டி சுட்டு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய காயாவைத் தடவித் தருகிறார்கள். இத்தகைய கோப்பிக்கடைகளைப் பரவலாக்கியவர்கள் ஹைனான் தீவுச் சீனர்கள். சீனர்களில் பிந்தி வந்த அவர்களுக்கு ஏற்கெனவே மற்றவர் பிடித்திருந்த தொழில்கள் கிடைக்கவில்லை. பலர் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களானார்கள். அங்கே கற்ற ரொட்டியும் கோப்பியும் பிறகு கடைகளுக்கு வந்தன. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் இந்தக் கோப்பித்தூளுக்கு அடர்ந்த கறுப்பு நிறமும் லேசான கசப்பும் உண்டு.

அடுத்த நிறுத்தம் பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தை. 1890இல் தொடங்கிய இந்தச் சந்தையின் ஒரு பக்கம் மீனும் காய்கறியும், மறுபக்கம் ஊறுகாய்க் கடைகள். மாங்காய், நெல்லிக்காய், ஜாதிக்காய் எல்லாம் உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிக் கண்ணாடிச் சாடிகளில் நிறைந்திருக்கும். மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய்க் கன்றுகளைக் கொண்டுவந்து பினாங்கில் நட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஏற்றுமதிக்குப் போனவை கொட்டையும் ஜாதிபத்திரியும். மிஞ்சிய சதைப்பகுதியை உள்ளூர் மக்கள் ஊறுகாயாகவும் சாறாகவும் மாற்றிக்கொண்டார்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு கோப்பை ஜாதிக்காய்ச் சாறு நல்ல ஆறுதல். சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகளும் உண்டு. நேரம் இருப்பவர்கள் ஏறிப் பார்க்கலாம்.

சந்தைக்கு அருகே, பினாங்கு சாலையிலிருந்து பிரியும் லெபோ கெங் குவீ என்ற சிறு தெருவில், 1936 முதல் இயங்கும் தியோசீவ் செண்டோல் வண்டி நிற்கிறது. பாண்டான் இலைச் சாற்றில் பச்சையேறிய அரிசிமாவு இழைகள், சிவப்பு அவரை, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சீவிய பனிக்கட்டி ஆகியவையே செண்டோல். வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும். பெரும்பாலானோர் நின்றுகொண்டே குடித்து முடிக்கிறார்கள்.

இரண்டு பினாங்கு உணவுகள்

பினாங்கின் பெயரை வெளிநாடுகளில் அதிகம் பரப்பியவை அசாம் லக்சாவும் சார் குவே தியாவும். அசாம் லக்சா, கும்பளா மீனை வேகவைத்து உதிர்த்து, புளியும் அசாம் கெலுகோர் என்ற புளிப்புப் பழமும் சேர்த்துக் காய்ச்சிய புளிக்குழம்பில் தடித்த அரிசிச் சேமியாவை இட்டது. மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், இஞ்சிப்பூ மொட்டு, ஒரு கரண்டி கறுப்பு இறால் பாகு. சி.என்.என். 2011இல் வெளியிட்ட உலகின் சுவைமிக்க ஐம்பது உணவுகள் பட்டியலில் இதற்கு ஏழாம் இடம் கிடைத்தது. மீன்குழம்புக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு இந்தப் புளிப்பு எளிதில் பிடித்துப்போகும். இறால் பாகின் வாடைக்குத்தான் சிலருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

சார் குவே தியாவ் என்பது தட்டையான அரிசி நூடுல்ஸைக் கடும் நெருப்பில் சோயாச் சாறு, மிளகாய் விழுது, இறால், சிப்பி, முளைப்பயறு, முட்டை சேர்த்து நிமிடக் கணக்கில் புரட்டி எடுப்பது. தொடக்கத்தில் இது பகலில் மீன்பிடித்தும் சிப்பி பொறுக்கியும் பிழைத்தவர்கள் இரவில் கூடுதல் வருமானத்துக்காகச் சமைத்து விற்ற மலிவு உணவு. பன்றிக்கொழுப்பில் வதக்கினால் வயிற்றில் நெடுநேரம் நிற்கும் என்பதால் உழைப்பாளிகள் விரும்பினார்கள். இன்றும் பல சீனக் கடைகளில் பன்றிக்கொழுப்பே பயன்படுகிறது. அதை உண்ணாதவர்களை முஸ்லிம்கள் நடத்தும் கடைகளுக்கு அழைத்துச் செல்வது வழிகாட்டியின் பொறுப்பு.

இந்த இரண்டு உணவுகளையும் நாசி கண்டாருடன் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். மூன்றுமே உழைப்பாளிகளின் பசிக்கும் நேரத்துக்கும் காசுக்கும் ஏற்ப உருவானவை. அரண்மனைச் சமையலோ விருந்துச் சமையலோ ஜார்ஜ்டவுனுக்குப் பேர் வாங்கித் தரவில்லை. துறைமுகக் கூலிகளின் சாப்பாடே வாங்கித் தந்தது.

மாலையில் பாடாங் கோத்தா லாமா

மாலை நடைகள் பெரும்பாலும் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகே, பாடாங் கோத்தா லாமா கடற்கரைப் பக்கம் முடிகின்றன. அங்கே சாப்பிட வேண்டியவை மீ கோரேங்கும் பசெம்பூரும். மஞ்சள் மீ என்ற நூடுல்ஸ் சீனர்களுடையது. அதைக் கணவாய், உருளைக்கிழங்கு, தௌஃபு, மிளகாய், தக்காளிச் சாறு சேர்த்துப் புரட்டியது தமிழ் முஸ்லிம் சமையல்காரரின் கைவண்ணம். தமிழ்நாட்டிலும் சீனாவிலும் இந்த உணவு கிடையாது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே தெருவில் கடை போட்டதால் பிறந்தது அது.

பசெம்பூர் என்பது வெள்ளரி, செங்குவாங் கிழங்கு, உருளைக்கிழங்கு, தௌஃபு, இறால் வடை, முட்டை ஆகியவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் சேர்த்த இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றிய தட்டு. கோலாலம்பூரில் இதையே ரோஜாக் என்பார்கள். கூலிம் மக்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கடற்காற்றில் உட்கார்ந்து, வறுவல் வகைகளைத் தானே பார்த்து எடுத்துச் சாப்பிடுவது பினாங்கு மரபு.

வழிகாட்டி எதற்கு

இந்தக் கடைகளைத் தனியாகவே தேடிப் போக முடியும். ஆனாலும் வழிகாட்டி இருப்பதால் சில நன்மைகள் உண்டு. சில கடைகள் காலையில் மட்டும், சில மாலையில் மட்டும், சில சரக்கு தீரும்வரை மட்டும் திறந்திருக்கும். எது எப்போது என்று வழிகாட்டிக்குத் தெரியும். அளவையும் அவரே கவனித்துக்கொள்கிறார். ஏழு கடையில் முழுத் தட்டு வாங்கினால் மூன்றாவது கடையிலேயே பயணம் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தெருவில் கோவிலும் பள்ளிவாசலும் குலக்கோவிலும் வந்த வரலாற்றையும் தட்டில் உள்ளதையும் இணைத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிகள் 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் சுற்றுலா அமைச்சிடம் உரிமம் பெற வேண்டும். நகர வழிகாட்டிகளுக்கு நீல அட்டையும், இயற்கைத் தலங்களுக்கான வழிகாட்டிகளுக்குப் பச்சை அட்டையும் வழங்கப்படுகின்றன. பதிவு செய்யும் முன் அட்டையைப் பற்றிக் கேட்பது நல்லது. தமிழ் பேசும் வழிகாட்டி வேண்டுமானால் அதையும் முன்கூட்டியே கேட்கலாம். சைவம், மாட்டிறைச்சி வேண்டாம், பன்றி வேண்டாம், கடலுணவு ஒவ்வாமை போன்ற விவரங்களையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். முழுச் சைவர்களுக்கும் லிட்டில் இந்தியா, செண்டோல், ஜாதிக்காய், சீனச் சைவக் கடைகள் என்று ஒரு நடை அமைத்துத் தர முடியும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கெடாக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை பினாங்கு வேலைநாள், கூட்டம் குறைவு. ஆனால் மதியத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். வெள்ளிதோறும் சைவம் உண்ணும் குடும்பங்களுக்கும் அந்த நாள் ஒத்துவராது. சனிக்கிழமை இரண்டு மாநிலங்களுக்கும் விடுமுறை, எல்லாக் கடையும் உண்டு, நெரிசலும் உண்டு. பல ஆலைகளில் 12 மணி நேர ஷிஃப்டு என்பதால் வாரநாளில் ஓய்வு கிடைப்பவர்களுக்குச் செவ்வாய், புதன் போன்ற நாட்களே வசதி. நோன்பு மாதத்தில் பகல் நடையைத் தவிர்த்து, மாலை நோன்புச் சந்தைகளைப் பார்க்கலாம்.

மாறிவரும் நகரம்

இந்தப் பழைய தெருக்கள் அப்படியே நிலைத்துவிடவில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பல ஆண்டுகளாகக் குறைந்த வாடகையில் குடியிருந்த குடும்பங்கள், அந்தச் சட்டம் விலக்கப்பட்டு 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு நீங்கியதும் வெளியேறின. கடைவீடுகள் காலியாயின. 2008க்குப் பிறகு அவற்றில் பல விடுதிகளாகவும் புதுக் கோப்பிக்கடைகளாகவும் மாறின. 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சுவர் ஓவியங்கள் சுற்றுலாக் கூட்டத்தைக் கூட்டின. நகரத்துக்கு வருமானம் வந்தது. அதே நேரம் தெருவில் குடியிருந்து தெருவிலேயே சாப்பிட்ட வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள்.

உணவுக்கடைகளுக்கு இன்னொரு கவலை சமைக்க ஆள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விடுவதால் கடைகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பின. சுவை மாறிவிடும் என்ற அச்சத்தில் பினாங்கு அரசு 2014இல் ஒரு திட்டத்தை முன்வைத்து, 2016 முதல் அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைப்பதற்குத் தடை விதித்தது. 2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டி கோலாலம்பூருக்கும் பினாங்குக்குமான முதல் பட்டியலை வெளியிட்டது. ஜார்ஜ்டவுனின் இரண்டு உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. மலிவு விலைக்கான பிரிவில் பல தெருவோரக் கடைகளும் இடம்பெற்றன. அப்படிப் பெயர் வந்த கடைகளில் உள்ளூர்க்காரர்களும் நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. நல்ல வழிகாட்டி, பட்டியலில் உள்ள ஒன்றிரண்டு கடைகளோடு பட்டியலில் இல்லாத கடைகளையும் சேர்த்தே நடையை அமைப்பார்.

திரும்பும் வழியில்

மாலைப் படகில் பட்டர்வொர்த் திரும்பி, விரைவுச்சாலையில் கூலிமை நோக்கி வரும்போது லூனாஸ் என்ற சிற்றூர் வரும். அங்கே வாத்து வறுவல் புகழ்பெற்றது. பினாங்கிலிருந்தே அதற்காக வருகிறார்கள். கூலிம் நகரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கத்துக்காக வந்த சீனர்களாலும், பின்னர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களாலும் வளர்ந்ததுதான். மோட்டார் சைக்கிளில் வரும் புட்டு மாயம், அதாவது தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்த இடியாப்பம், நெத்திலி சம்பலோடு நாசி லெமாக், இரவு ஷிஃப்டு முடிந்து வருபவர்களுக்காக விளக்கெரியும் மாமாக் கடை என்று பினாங்குத் தெருக்களின் அதே சமையல் இங்கும் இருக்கிறது. துறைமுகக் கூலியின் இடத்தில் இன்று ஆலைத் தொழிலாளி நிற்கிறார்.

ஜார்ஜ்டவுனுக்கு இருப்பது போன்ற உணவு நடை கூலிமுக்கு இல்லை. ஆனால் அதற்கு வேண்டியவை எல்லாம் இருக்கின்றன: பழைய கடைத்தெரு, காலைச் சந்தை, மூன்று இனத்தாரின் சமையல், தோட்டத்து வாழ்வை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள். பினாங்கு நடையை ஒருமுறை முடித்து வருபவர்கள், எந்தக் கடையை யார் தொடங்கினார்கள், எந்தத் தோட்டத்து ஆட்கள் அங்கே வந்து சாப்பிட்டார்கள் என்று தங்கள் ஊரிலும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.